ஏழாம் ஊசியின் திருகு

அமலோற்பவம் இறந்துபோன செய்தி வந்தபோது எங்கள் எம்பிராய்டரி மெஷின் நின்றுபோய்க் கத்திக்கொண்டிருந்தது. நூல் அறுந்தால் அது அப்படித்தான் கத்தும். தலைப்பக்கம் சிவப்பு விளக்கும் எரியும். அதே நேரத்தில் செல்போனும் அடித்தது. நான் நூலைக் கோத்து, மெஷினை ஓடவிட்டு, பிறகுதான் போனை எடுத்தேன். அமலாவின் மகள் ஜெனிட்டா திண்டுக்கல்லிலிருந்து பேசினாள். “அத்தை, காலையில அம்மா எந்திரிக்கவே இல்லத்தை” என்றாள். பேரனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பஸ் ஏறியவள், அங்கேயே தூக்கத்தில் போய்விட்டாள்.

நூல் அறுந்தது, உயிரும் அறுந்தது என்று இரண்டையும் இணைத்து எழுத எனக்கும் ஆசைதான். அமலா கேட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். “நூலு பொழுதன்னிக்கும் அறுந்துக்கிட்டுத்தான் இருக்கு. அதுக்கெல்லாம் ஒப்பாரி வச்சா யாருடி தைக்கிறது?” என்பாள். ஆகவே இணைக்கவில்லை. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

அவளை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். காரைக்குடியில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சந்துக்குள் இருக்கும் எங்கள் கடைக்கு நீங்கள் ஒரு தடவையாவது வந்திருப்பீர்கள். உங்கள் பீரோவில் அவள் கைபட்ட ரவிக்கை ஒன்று மடித்து இருக்கும். இல்லாவிட்டால் உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டைப் பையில் அவள் போட்ட பேட்ஜ் இருக்கும். “நாளைக்கு வாங்கக்கா, ரெடியா இருக்கும்” என்று அவள் சொன்னதை நம்பி வந்து வெறுங்கையோடு திரும்பியவர்களும் இதை வாசிப்பீர்கள். அதற்காக நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. உங்களைவிட அதிகமாக ஏமாந்தவள் நான்தான்.

நாங்கள் இருவரும் முதலில் வேறொருவரின் எம்பிராய்டரி யூனிட்டில் பக்கத்துப் பக்கத்து மெஷின்களை ஓட்டினோம். அதை அவர் மூடியபோது, பழைய மெஷின் ஒன்றை விலைபேசிச் சேர்ந்து வாங்கினோம். ஒரே தலை, வரிசையாக ஒன்பது ஊசி, அடியில் கீழ்நூல் சுற்றிய பாபின், ஒவ்வொரு ஊசிக்கும் மேலே நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு டென்ஷன் திருகு. அவள் கிறிஸ்தவள், நான் திருப்பத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். எங்களுக்குள் சாமி பற்றிச் சண்டை வந்ததே இல்லை. திருகு பற்றித்தான் வந்தது.

நல்லவள், பொறுமைசாலி என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டீர்கள். கத்தரிக்கோலை எடுத்த இடத்தில் அவள் வைத்ததே இல்லை. என் மூக்குக்கண்ணாடியைத் தான் மாட்டிக்கொண்டு, “ஏ சொர்ணம், கண்ணாடியை எங்குட்டு வச்ச?” என்று என்னையே தேடவைப்பாள். மத்தியானம் தன் டப்பாவுக்கு முன்னால் என் டப்பாவைத்தான் திறப்பாள். ஆனால் நூல் அறுந்தால் மட்டும் ஆள் மாறிவிடுவாள். அவசரமே இருக்காது. எனக்கு நேர் எதிர். மெஷின் கத்திய நொடியில் என் கை திருகுக்குப் போய்விடும். கொஞ்சம் தளர்த்துவேன், அறும். கொஞ்சம் இறுக்குவேன், அறும். பின்னாலிருந்து சத்தம் வரும்: “கையை எடுடி!”

அப்புறம் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்வாள். அந்தச் சந்தில் இருப்பவர்களுக்கெல்லாம் அது மனப்பாடம். “நூலு அறுந்தா நூலைப் பாரு. நூலு நல்லாருந்தா ஊசியைப் பாரு. ஊசியும் நல்லாருந்தா கீழ பாபினைப் பாரு. எல்லாம் நல்லாருந்தா ஒரு டீ குடி. அதுக்கப்புறம் திருகைத் தொடு.” நடுவில் டீ எதற்கு என்று நான் கேட்காத நாளில்லை. டீக்கு அலைகிறவள் கண்டுபிடித்த சட்டம் என்று கேலி செய்வேன்.

வாங்கிய வருஷம் ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைத்து, மாலை போட்டு, ஆர்வக்கோளாறில் கண்ட இடத்திலெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். நூல் நுழைந்து வரும் சின்ன ஓட்டைகளைக்கூட விடவில்லை. மறுபடி ஓட்டத் தொடங்கிய அன்று ஒரு பூகூட முழுசாக முடியவில்லை. ஊசிக்கு ஊசி நூல் அறுந்தது. நான் எல்லாத் திருகையும் மாற்றி மாற்றித் திருப்பி, மெஷினே போச்சு என்று அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். வழக்கம்போல் தாமதமாக வந்த அமலா, நூலை மேலிருந்து கீழாக விரலால் தடவிக்கொண்டே வந்தாள். பாதியில் நின்றாள். காய்ந்துபோன சந்தனம் மணல்போலச் சொரசொரத்து நூலை அறுத்துக்கொண்டிருந்தது. ஈரத்துணியைத் தீக்குச்சியில் சுற்றி ஒவ்வொரு ஓட்டையாகத் துடைத்தாள். “சாமி கும்பிட்ட, சரி. இந்த ஓட்டைக்கெல்லாம் எதுக்குடி சந்தனம்? அதுக்கென்ன தலைவலியா?” என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பக்கத்தில் நின்று, “இங்குட்டு வை, அங்குட்டு வைக்காத” என்று அவளே இடம் காட்டுவாள். பொரிகடலையில் பாதி அவளுக்குத்தான்.

அந்தக் கூத்தில் எல்லாத் திருகும் நிலை மாறிப்போனதால் எனக்கு ஒரு யோசனை வந்தது. அவள் சரிபண்ணி முடித்ததும், ஒவ்வொரு திருகிலும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்தேன். இனிமேல் யார் திருப்பினாலும் புள்ளியைப் பார்த்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாமே. பெருமையாகக் காட்டினேன். அவள் ரிமூவரை எடுத்து ஒன்பதையும் அழித்துவிட்டாள். “நூலு மாறுனா திருகும் மாறணும். இது என்ன கல்வெட்டாடி?” என்றாள். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை நான். பேசாமல் இருந்ததைக் கவனித்தாளா என்பதே சந்தேகம்தான்.

டீயின் அர்த்தம் எனக்கு விளங்கியது நாட்டரசன்கோட்டை ஆச்சி ஒருவர் வந்த அன்று. பேத்தி கல்யாணத்துக்கு ரவிக்கை. முதுகில் மயில். கண்முன்னால் முடித்துத் தரவேண்டும் என்று வந்து உட்கார்ந்துவிட்டார். நல்ல வெயில்; நான் டேபிள் ஃபேனை அவர் பக்கம் திருப்பிவைத்தேன். மயிலின் கழுத்து வரும்போது நூல் அறுந்தது. கோத்தோம், மறுபடி அறுந்தது. ஆச்சியின் முகம் மாறிவிட்டது. “என்னத்தா, எம் பேத்தி ரவிக்கைக்கு மட்டும் நின்னு நின்னு போகுது? கல்யாணக் காரியம். சகுனம் சரியில்லன்னா சொல்லிருங்க, துணியை எடுத்துக்கிட்டுப் போயிர்றேன்” என்றார். அமலா நூலைப் பார்த்தாள், ஊசியை மாற்றினாள், பாபினைக் கழற்றித் துடைத்தாள். எல்லாம் சரியாக இருந்தது. “ஆச்சி, ஒரு டீ சாப்பிடுறீகளா?” என்றாள். கல்யாணத் துணி மெஷினில் கிடக்க, மூன்று பேரும் உட்கார்ந்து டீ குடித்தோம்.

பாதி டீயில் அவள் பார்வை மேலே போனது. நானும் பார்த்தேன். ஃபேன் காற்றில் நூல்கண்டிலிருந்து வரும் நூல் ஆடி ஆடி, பக்கத்துக் கம்பியில் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து நாற்காலியை நகர்த்தி, “இங்குட்டு வாங்க ஆச்சி, இங்கேருந்து பாத்தா மயிலு நல்லாத் தெரியும்” என்றாள். கூடவே ஃபேனையும் திருப்பிவிட்டாள். மயில் கொண்டைவரை ஒரே ஓட்டமாக ஓடியது. ஆச்சி இரண்டு கையாலும் அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். அவர் போனபிறகு அமலா சொன்னாள்: “டீ குடிக்கிறப்பத்தான்டி கண்ணு சும்மா இருக்கும். சும்மா இருந்தாத்தான் எதுனாச்சும் தெரியும்.” ஃபேனை ஆச்சி பக்கம் திருப்பிவைத்தது சொர்ணம்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்ததும் அவள்தான்.

இனி ஏழாம் ஊசி. அமலாவுக்குச் சொந்த ஊர்க் கோயிலுக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. பேரன் நல்லபடியாகப் பிறந்தால் பலிபீடத்துக்கு வெள்ளைத் துணியில் ஜரிகை வேலை செய்து கொடுப்பதாக வேண்டியிருந்தாள். கோதுமைக் கதிரும் திராட்சைக் குலையுமாக டிசைனை அவளே கம்ப்யூட்டரில் போட்டாள். ஜரிகை நூல் சண்டிக்குதிரை மாதிரி. கொஞ்சம் இறுகினால் அறும், கொஞ்சம் தளர்ந்தால் சுருளும். ஏழாம் ஊசியை அதற்கென்றே ஒதுக்கி, திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, முதல் கதிரை முடித்தாள். மறுநாள்தான் திண்டுக்கல் பயணம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “ஏழாம் ஊசியைத் தொடாதடி. ஜரிகைக்கு வச்சிருக்கேன். ஞாயித்துக்கெழம வந்து நானே முடிச்சிர்றேன்.” என்னிடம் அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்.

அடக்கம் முடிந்து கடையைத் திறந்த அன்று நான் செய்த முதல் வேலை, ஏழாம் திருகில் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தது. அழிக்க ஆள் இல்லை. காலையில் விளக்குப் போட்டதும் அந்தப் புள்ளியைத்தான் பார்ப்பேன். அவள் விரல் கடைசியாக நிறுத்திய இடம் அது. எங்கள் பக்கம் ஒருத்தரைக் காணவேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டால் ‘தேடுது’ என்று சொல்வோம். எனக்கு அவளைத் தேடியது. கத்தரிக்கோல் வைத்த இடத்திலேயே இருந்தது, கண்ணாடி என் மூக்கிலேயே இருந்தது, சாப்பாட்டு டப்பாவை நானே திறந்தேன். இதெல்லாம் எவ்வளவு கொடுமை என்று சொல்லத் தெரியவில்லை.

முப்பதாம் நாள் திருப்பலிக்கு அந்தத் துணியை விரிக்க வேண்டும் என்று ஜெனிட்டா ஆசைப்பட்டாள். “அம்மா வேண்டிக்கிட்டது அத்தை. நீங்க முடிச்சுத் தருவீகளா?” என்று கேட்டாள். சரி என்றேன். ஏழாம் ஊசியில் அமலா கோத்த நூல் அப்படியே இருந்தது. மீதிக் கதிர்கள் அவள் வைத்த அளவிலேயே அழகாக ஓடின. பக்கத்தில் அவள் உட்கார்ந்து தைக்கிற மாதிரியே இருந்தது எனக்கு. திராட்சை தொடங்கும் இடத்தில் ஜரிகை தீர்ந்துபோனது. மதுரையிலிருந்து புது நூல்கண்டு வரவழைத்தேன். நிறம் அதேதான், ஆனால் விரலில் உருட்டினால் கொஞ்சம் விறைப்பு. நான்கு தையலில் அறுந்தது.

தொழில் தெரிந்தவர்கள் இதற்குள் காரணத்தைச் சொல்லிவிடுவீர்கள். எனக்கும் தெரியும். விறைத்த ஜரிகைக்குத் திருகைத் தளர்த்த வேண்டும். ஆனால் தளர்த்தினால் புள்ளி விலகும். அவள் வைத்த அளவு போய்விடும். துணியை விட்டால் அவள் வேண்டுதல் போய்விடும். வேறு ஊசியில் கோத்து முடித்திருக்கலாம்தான். அவள் நேர்த்திக்கடனை அவள் ஊசியை ஒதுக்கிவிட்டு முடிக்க மனசு வரவில்லை.

எப்போதும் திருகுக்குப் பாய்கிற நான், அன்றைக்குத் திருகைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தேன். நூல் வரும் வழியை மேலிருந்து கீழாகத் தடவினேன், எங்காவது சொரசொரக்காதா என்று. ஊசியை மாற்றினேன். பாபினைக் கழற்றி, தூசியை ஊதி, புதிதாகப் போட்டேன். ஸ்பீடைக் குறைத்தேன். ஃபேனை நிறுத்தினேன். எதிலாவது ஒரு குற்றம் இருந்துவிடாதா என்று ஏங்கினேன். எதிலும் இல்லை. நூல் அறுந்துகொண்டே இருந்தது.

மிச்சம் இருந்தது டீ. கடைக்குப் போன் செய்து டீ கேட்டேன். “ரெண்டா?” என்றார் டீக்கடைக்காரர். பழக்கதோஷம், பாவம், அவர் என்ன செய்வார். “ஒண்ணுண்ணே” என்றேன். டீயைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண் சும்மா இருந்தது. சிவப்புப் புள்ளிதான் தெரிந்தது. இருந்தாற்போலிருந்து அவள் குரல் காதில் விழுந்தது: “இது என்ன கல்வெட்டாடி?”

அவள் திருகைத் தொடாதே என்று ஒருநாளும் சட்டம் போட்டதில்லை. கடைசியில் தொடு என்றுதான் சொன்னாள். தொடாதே என்றது ஞாயிற்றுக்கிழமை வரைக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து போய்விட்டது, அவள்தான் வரவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஏழாம் திருகை இடப்பக்கமாகக் கொஞ்சம் திருப்பினேன். நூலை இழுத்துப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் திருப்பினேன். அப்போது நன்றாக அழுதேன். அவள் அடக்கத்தன்றுகூட அப்படி அழவில்லை. மெஷினை ஓடவிட்டேன். திராட்சை ஒவ்வொன்றாக உருண்டு வந்தது. கடைசிப் பழம் வரை நூல் அறவில்லை.

முப்பதாம் நாள் அந்தத் துணியைப் பீடத்தில் விரித்தார்கள். எங்கே அவள் தையல் முடிந்தது, எங்கே என் தையல் தொடங்கியது என்று ஜெனிட்டா தடவித் தடவிப் பார்த்தாள். கண்டுபிடிக்க முடியவில்லை. ஏழாம் திருகில் அந்தச் சிவப்புப் புள்ளி இப்போது ஒரு பக்கமாக விலகி நிற்கிறது. அவள் வைத்த அளவு என்னிடம் இல்லை. அவள் கத்திக் கத்திச் சொன்ன வரிசை இருக்கிறது. அதுபோதும் என்று சொல்லமாட்டேன், அவளும் வேண்டும்.

நேற்று பள்ளிக்கூட பேட்ஜ் ஓடிக்கொண்டிருந்தபோது நூல் அறுந்து மெஷின் கத்தியது. என் கை திருகுக்குப் போகவில்லை. தானாக நூலுக்குப் போனது. இத்தனை வருஷம் அவள் வாய் வலிக்கச் சொல்லியும் வராத புத்தி. “பாத்தியாடி!” என்று வாய்விட்டே சொல்லித் திரும்பினேன்.