நிஷாந்தியின் சாம்பல் கற்கள்

கொத்துக்கரண்டியின் பின்பக்கத்தால் கல்லைத் தட்டிவிட்டு, நிஷாந்தி காதைச் சாய்த்துக் கேட்கிறார். சத்தம் மந்தமாக வந்தால் கல் மறுபடியும் ஈரச்சாக்குக்கு அடியில் போய்விடும். கணீரென்று வந்தால்தான் விற்பனைக்கு.

கொட்டகலைக் கடைவீதிக்கு மேலே, தேயிலை மலையை ஒட்டிய துண்டு நிலத்தில் இவரும் கணவர் செல்லசாமியும் புளொக் கல் போடுகிறார்கள். சீமெந்தைக் கொஞ்சம் குறைத்து நிலக்கரிச் சாம்பலைச் சேர்ப்பார்கள். கடற்கரைப் பக்கத்து அனல்மின் நிலையத்தில் எரிந்து எஞ்சிய சாம்பல், மூட்டை மூட்டையாக லொறியில் மலையேறி வருகிறது. வாயில் துணி கட்டிக்கொண்டுதான் நிஷாந்தி அதைக் கலக்குவார். அப்படியும் இமைமுடிகள் நரைத்துவிடும். சாம்பலில் வீடு கட்டலாமா என்று தயங்குகிறவர்களிடம் ஒரே பதில்தான்: “சுடுகாட்டுச் சாம்பலாங்க? கரண்டு எரிஞ்ச சாம்பலுங்க.”

இந்தக் கல் இறுக நாள் பிடிக்கும். மலைக்குளிரில் இன்னும் தாமதமாகும். நிஷாந்தி அவசரப்படுவதில்லை.

போன ஆனி மாத மழையில், பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், ஆண்டியப்பனின் அறைப் பின்சுவர் விழுந்தது. மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் தறப்பாளுக்கு அடியில் விட்டுவிட்டு, நனைந்தபடி கல் கேட்டு வந்தார். விற்பனைக்கென்று களத்தில் இருந்தவை போட்டுப் பன்னிரண்டு நாளே ஆன கற்கள். அவற்றையே கொடுக்கும்படி நிஷாந்தியிடம் மன்றாடினார்.

“பச்சக் கல்லுங்கண்ணே. நீங்க கேட்டாலும் தர மாட்டேன். புள்ளைங்க படுக்கிற எடம்.”

ஆண்டியப்பன் மணல் மேட்டில் உட்கார்ந்துவிட்டார். களத்தின் மூலையில் நன்றாக இறுகிய முந்நூறு கற்கள் இருந்தன. நிஷாந்தி தன் வீட்டுக்குச் சமையல் குசினி கட்டவென்று ஒதுக்கியவை. மறுநாள் வேலை தொடங்க மேசனிடமும் சொல்லியாயிற்று. நிஷாந்தி கணவரைப் பார்த்தார்.

“நம்ம குசினிக் கல்ல ஏத்திருங்க.”

செல்லசாமி ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டார். பிறகு லேண்ட்மாஸ்டர் டிராக்டரை ஸ்டார்ட் செய்யப் போனார்.

நிஷாந்தியின் குசினி எழும்ப மேலும் இரண்டு மாதமானது. அதுவரை தறப்பாளுக்கு அடியில்தான் சமையல். அதைப் பற்றிக் கேட்டால் சிரிக்கிறார்: “சொதி கொஞ்சம் தண்ணியாப் போச்சு, அவ்வளவுதான்.”

ஆண்டியப்பனின் சுவர் எழும்பியதும் பார்க்கப் போயிருந்தார். பெரிய மகள் கதிரையை இழுத்துப் போட்டாள். நிஷாந்தி அதில் உட்காரவில்லை. தரையில் காலை நீட்டி அமர்ந்து, தன் முழுப் பாரத்தையும் அந்தச் சுவரில் சாய்த்துக்கொண்டு தேநீருக்குக் கை நீட்டினார்.