முற்றத்தில் ரை புல்

எங்கள் அருமனைப் பக்கத்தில் முற்றத்தில் புல் நின்றால் அந்த வீட்டுக்கே இளக்காரம். விசேஷத்துக்கு முன்னால் மண்வெட்டியால் செதுக்கி, வெறும் மண் தெரியப் பெருக்கிவிட வேண்டும். எனக்கு அந்த மொட்டை மண்ணைக் கண்டாலே ஆகாது. கணவர் இறந்த பிறகு இந்த வீட்டைப் பார்ப்பது நான். முற்றமும் என் இஷ்டம்தான். ஊட்டி விதைக்கடையிலிருந்து ரை புல் விதை வரவழைத்து, கார்த்திகையில் மழை குறைந்ததும் தூவினேன். குளிர்காலப் புல் அது. அங்கே புல்தரைக்கும் விதைப்பார்கள், மாட்டுக்கும் அறுத்துப் போடுவார்கள்.

"பனிநாட்டுப் புல்லு இஞ்ச எங்க பிடிக்கும்?" என்று என் அண்ணன் சிரித்தார். பிடித்தது! தை பிறக்கையில் கணுக்கால் உயரம் நின்றது. காலையில் அதைப் பார்த்துக்கொண்டே சாயா குடிப்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

என் மகளைப் பெண் பார்க்க வரும் நாள் காலையில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அண்ணன் ஆளோடு வந்துவிட்டார். அடுக்களையில் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்த நான் மண்வெட்டிச் சத்தம் கேட்டு ஓடி வருவதற்குள் படியோரத்துப் புல் போய்விட்டது. மண்வெட்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஏட்டி, மாறி நில்லு. காட்டுப்புல்லு நின்னா வாறவிய என்ன நெனப்பாவ?" என்றார் அண்ணன்.

ஒரு புல் தூரைப் பிடுங்கி அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். "கண்ணத் தொறந்து பாருங்க. அடித்தண்டு செவப்பு. இலைக்க பின்பக்கம் எண்ணெய் தேச்சது போல மின்னுது. இலை தண்டுல சேருத எடத்துல ரெண்டு குட்டிக் கொளுக்கி பிடிச்சிருக்கு. காட்டுப்புல்லுல இதக் காட்டுங்க, பாப்பம்!"

அவர் பார்க்கவே இல்லை. "முற்றத்துல புல்லு கெடந்தா வீட்டுல ஆம்பள இல்லண்ணு நெனப்பாவ."

"இல்லதான அண்ணே? அத எதுக்கு மறைக்கணும்?"

செதுக்க வந்தவர் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. "பங்குனி வெயிலுல எல்லாம் கருகிப் போவும். அப்ப பாப்பம் ஒனக்க வீறாப்ப."

கருகும் என்று எனக்கும் தெரியும்.

"கருகட்டும். வெயிலு கருக்கினா நான் பொறுப்பேன். எனக்கிட்ட கேக்காம வெட்டினா பொறுக்க மாட்டேன்."

மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும்போது நான் படியோரத்தில் குந்தியிருந்து, செதுக்கின இடத்தில் மிச்ச விதையைத் தூவிக்கொண்டிருந்தேன். மண் கையோடுதான் அவர்களை "வாங்க" என்றேன்.