சந்தை ஊரில் ஒரு லீவு நாள்

எதையும் தாளில் கோடு போட்டுப் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும். தொழில் அப்படி. அபுதாபியில் ஒரு கட்டட நிறுவனத்தில் டிராஃப்ட்ஸ்மேன். அதனால்தான் எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், கண்ணால் கண்டிராத ஓர் ஆங்கிலேயச் சந்தை ஊரை டிரேசிங் தாளில் வரைந்து, கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருந்தேன்.

அந்த ஊர் ஆஸ்பத்திரியில் என் மனைவி டாக்டராக இருந்தாள். கல்யாணம் ஆன கையோடு அவளுக்கு இங்கிலாந்தில் வேலையும் மேற்படிப்பும் அமைந்தன. எனக்கு அபுதாபி அமைந்தது. இரண்டு வீட்டாரும் பூரித்துப் போனார்கள். நாங்களும்தான். சேர்ந்து குடித்தனம் நடத்திய காலத்தைவிடக் கடிதம் போட்டுக்கொண்ட காலம் நீண்டுவிட்டது என்பது பிறகுதான் உறைத்தது. அந்த வருஷக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. முடிந்ததும் என்னிடம் வருவாளா, அங்கேயே நீட்டித்துக்கொள்வாளா? நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இங்கே வெயில் என்று நான் எழுதுவேன். அங்கே மழை என்று அவள் எழுதுவாள். இரண்டு வானிலை நிலையங்கள் போல ஆகிவிட்டோம்.

இந்த நிலையில்தான், வரைபடங்களைச் சரிபார்க்க என்னை ஒரு வாரம் லண்டன் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப முடிவானது. திங்கள் முதல் வேலை, சனிக்கிழமை திரும்பும் விமானம். நடுவில் ஒரு நாள் அவள் ஊருக்குப் போவது, ஊரைச் சுற்றிப் பார்ப்பது, நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன்.

எங்கள் தலைமை எஞ்சினியர் வெள்ளைக்காரர். அவருடைய சொந்த ஊர் அந்தப் பக்கம்தான். ஊர்ப் பெயரைச் சொன்னதும் மனிதர் முகம் மலர்ந்து, கையிலிருந்த வேலையைத் தள்ளிவைத்துவிட்டுத் தெருத் தெருவாகச் சொன்னார். நடுவில் சந்தைச் சதுக்கம். தூண்கள் மேல் நிற்கும் ஒரு பழைய கல்மண்டபம். அந்தக் காலத்தில் வெண்ணெய் விற்பார்களாம். குதிரை வண்டிகள் வந்து நின்ற விடுதி. மரச்சட்டம் போட்ட வீடுகள். மேல்மாடி தெருவின் மேல் சாய்ந்துகொண்டு நிற்குமாம். எங்கள் சைட்டில் ஒரு சுவர் அப்படிச் சாய்ந்தால் காண்ட்ராக்டரை உண்டு இல்லை என்று பண்ணியிருப்போம். அங்கே அதைப் பார்க்க டிக்கெட்.

“சந்தை என்றைக்கு?” என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை என்றார். லீவு நாளும் சந்தை நாளும் ஒன்றாக அமைந்த என் அதிர்ஷ்டத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

என்னோடு அறையில் இருந்தவர் எங்கள் கம்பெனி ஸ்டோர் கீப்பர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என்னைவிட மூத்தவர். நான் படத்தை ஒட்டிய அன்று அடுப்படியிலிருந்து கரண்டியும் கையுமாக வந்து பார்த்தார்.

“ஏன் தம்பி, அம்புட்டுத் தூரம் போயி சந்தையவா பாக்கப் போறிய? ஆடு மாடு உண்டுமா?”

“தெரியல அண்ணாச்சி. வெண்ணெய் உண்டு.”

“இது என்னது, பாலத்துல ஒரு வட்டம் போட்டிருக்கிய?”

அங்கே வைத்துத்தான் அவளிடம் கேட்பதாக இருந்தேன். ஆறு, வாத்துகள், அகலமான கைப்பிடிச் சுவர் எல்லாம் எஞ்சினியர் சொன்னது. சாய்ந்துகொண்டு தண்ணீரைப் பார்த்தபடி கேட்டால், முகத்தைப் பார்க்காமலே பதிலை வாங்கிக்கொள்ளலாம். அண்ணாச்சியிடம், “அங்கன செத்த நேரம் நிப்போம்” என்று அவர் பாஷையிலேயே சொல்லித் தப்பித்தேன்.

மற்றதெல்லாம் திட்டம்தான். முதலில் சர்ச், பிறகு சந்தை, மத்தியானம் விடுதியில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும், அப்புறம் பாலம். குடைக்கு நான் பட்ட பாடு தனிக்கதை. அபுதாபிக் கடைத்தெருவில் குடை கேட்டால் ஏற இறங்கப் பார்த்தார்கள். ஒரு மலையாளிக் கடையில் பூப்போட்ட பெண்கள் குடை ஒன்று கிடைத்தது. பரவாயில்லை, அவள் பிடித்துக்கொள்ளட்டும், நான் ஒண்டிக்கொள்கிறேன் என்று வாங்கினேன். அதை நினைத்து இரண்டு நாள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். தனியாக இருப்பவனுக்கு அவ்வளவு சின்ன விஷயம் போதும்.

அவளோடு பேச வேண்டுமென்றால் டெலிபோன் ஆபீஸுக்குப் போய்ப் பதிந்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். லைன் கிடைத்தாலும், நாம் பேசியது ஒரு சுற்று சுற்றி நமக்கே திரும்பிக் கேட்கும். அதனால் யாரும் நிறையப் பேசமாட்டார்கள்.

“என்னிக்கு வர்றீங்க?”

“அந்த வாரம் லீவு அன்னிக்கு. காலைல முதல் ட்ரெயின்.”

“லீவு அன்னிக்கா? சரி. யார் கால்லயாவது விழுந்து டூட்டிய மாத்திக்கிறேன்.”

அவ்வளவுதான். அவள் குரலில் சிரிப்பு இருந்தது. அதை வைத்துக்கொண்டே சில வாரங்களை ஓட்டினேன்.

புறப்படுவதற்கு முன் இன்னொரு முறை கூப்பிட்டேன். ட்ரெயினைப் பற்றிக் கேட்பதற்கு.

“ஞாயித்துக்கிழமைல முதல் ட்ரெயின் லேட்டாத்தான் கிளம்பும். அவசரப்பட வேண்டாம்” என்றாள்.

“ஞாயித்துக்கிழமையா? நான் வர்றது வெள்ளிக்கிழமை.”

“லீவு அன்னிக்குன்னு சொன்னீங்களே?”

“ஆமா. லீவு. வெள்ளிக்கிழமை.”

‘வெள்ளிக்கிழமை’ என்று என் குரல்தான் எனக்குத் திரும்பி வந்தது.

“வெள்ளிக்கிழமை இங்க யாருக்குங்க லீவு?” என்றாள் மெதுவாக. “லண்டன்ல உங்க ஆபீஸே திறந்துதான் இருக்கும்.”

சென்னையில் பிறந்து வளர்ந்தவன், பள்ளிக்கூடக் காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைக்காக ஏங்கியவன், ஞாயிறு என்று ஒரு லீவு இருப்பதையே மறந்திருந்தேன். வளைகுடாவுக்கு வந்த எங்கள் எல்லோருக்கும் அது ஆகிவிடும். லீவு என்றால் வெள்ளி, ஞாயிறு என்றால் வேலை. ஆனால் உலகம் முழுக்க அப்படித்தான் என்று நம்பிய மடையன் நானாகத்தான் இருப்பேன். அவளோ அந்த ஒரு ஞாயிறுக்காக அந்த வாரத்து இரவு டூட்டி எல்லாவற்றையும், சனிக்கிழமை உட்பட, தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள். இனி மாற்றிக் கேட்க ஆளில்லை.

மறுநாள் எஞ்சினியரிடம் போய் விமானத்தை இரண்டு நாள் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன். விஷயத்தைச் சொன்னதும் நெற்றியில் அடித்துக்கொண்டார். இங்கே இத்தனை வருஷம் இருந்து தனக்கும் ஞாயிற்றுக்கிழமை மறந்துவிட்டதாகச் சொன்னார். ஆனால் ஞாயிறு காலை அரசாங்க அதிகாரிகளோடு கூட்டம். வரைபடங்களை விளக்க நான் இல்லாமல் முடியாது. உண்மையாகவே வருத்தப்பட்டார். எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. சந்தை வெள்ளிக்கிழமை என்று அவர் சொன்னது பொய்யில்லை, இருந்தும் வந்தது.

லண்டனில் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை மேஜையில் குனிந்திருந்தேன். அங்கே யாருக்கும் அது விசேஷமான நாள் இல்லை. வேலை முடிந்ததும் தெருமுனை டெலிபோன் கூண்டிலிருந்து அவளைக் கூப்பிட்டேன். இரவு டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். இந்த லைனில் எதிரொலி இல்லை. அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. பிரிந்து வந்த பிறகு அவ்வளவு பக்கத்தில் அவளைக் கேட்டதில்லை.

பாலமும் இல்லை, ஆறும் இல்லை. கேட்டுவிட்டேன். “காண்ட்ராக்ட் முடிஞ்சதும் அபுதாபி வந்துடறியா?”

“அங்க எனக்கு என்னிக்கு லீவு?” என்றாள்.

“வெள்ளிக்கிழமைதான்.”

“எனக்கு ஞாயித்துக்கிழமை பழகிப்போச்சுங்க” என்றாள்.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். ஆனால் முடிக்கும்போது குரல் விளையாட்டாக இல்லை. நான் மேற்கொண்டு கேட்கவில்லை. டூட்டிக்கு நேரமாகிறது என்றாள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். நானும் அதையே சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அபுதாபியில் அதிகாரிகள் எதிரே நின்று, வடிகால் எங்கே போகிறது, படிக்கட்டு எங்கே ஏறுகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கூட்டம் நன்றாக நடந்தது. எஞ்சினியர் கை குலுக்கினார். அறைக்கு வந்தபோது அண்ணாச்சி மீன்குழம்பு கூட்டிக்கொண்டிருந்தார்.

“போன காரியம் என்னாச்சு தம்பி? தங்கச்சி எப்ப வாராவளாம்?”

“வரமாட்டா அண்ணாச்சி” என்றேன்.

சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. அதுவரை எனக்கே நான் அதைச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.