பதினோராவது ஆள்

ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில், முந்திரிக்காட்டு ஓரத்து வீட்டில் பிறந்தவள் தேவயானி. உடையார்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டு, பெரம்பலூரில் ஒரு மருத்துவக் கல்லூரியில் மூளையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வருகிறவள். இருட்டுக்குப் பயப்பட மாட்டாள், பாம்புக்கும் பயப்பட மாட்டாள். முந்திரிச் சருகில் நடந்து வளர்ந்த பெண் பாம்புக்குப் பயந்தால் ஆகுமா? அவள் பயந்ததெல்லாம் ஒரு சொம்பு வெந்நீருக்குத்தான்.

சிரிக்க வேண்டாம், காரணம் இருக்கிறது. அவள் பெரியவளானபோது சடங்குக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அத்தைமார் வரிசையாக நின்று, ஆவி பறக்கிற வெந்நீரைத் தலையில் ஊற்ற ஊற்ற, பிள்ளையின் பார்வை எங்கேயோ போய்விட்டது. "இன்னும் ஊத்துங்க, இன்னும் ஊத்துங்க" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அத்தைமாருக்கு ஒரே சந்தோஷம், ஊற்றினார்கள். அப்புறம் பலகையிலிருந்து சரிந்து விழுந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. யாரோ சாவிக்கொத்தைக் கொண்டுவந்து கைக்குள் திணித்தார்கள். அவள் அம்மா ராசாத்தி முந்திக்கொண்டு, "காலையிலேருந்து ஒண்ணும் திங்கல, பசி மயக்கம்" என்று கூட்டத்துக்குச் சொல்லி, பிள்ளையை உள்ளே தூக்கிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

திருச்சியில் ஒரு டாக்டர்தான் விஷயத்தைச் சொன்னார். "சிலருக்குத் தலையில சூடான தண்ணி பட்டா வலிப்பு வரும்மா. பேயுமில்ல, பிசாசுமில்ல. தண்ணிய ஆறவச்சு ஊத்துங்க." கொஞ்ச காலம் மாத்திரை கொடுத்தார், பிறகு நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் அவளுக்கு ஒரு தடவைகூட வரவில்லை. ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா சொன்னது மட்டும் காதிலேயே தங்கிவிட்டது. "இது உனக்கும் எனக்கும் அந்த டாக்டருக்கும்தான் தெரியும். நாலாவது ஆளுக்குத் தெரிஞ்சா உன்ன எவன் கட்டுவான்?"

கட்ட வந்தவன் நல்லவன். பெயர் கோகுலகிருஷ்ணன். அரியலூரில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறான். மாமியார் பாப்பாயியும் கெட்டவள் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளெல்லாம் மருமகள் பச்சைத் தண்ணீருக்கு ஓடுவதைப் பார்த்து, "வெந்நி ஊத்துனா முடி கொட்டுதாம் மவராசிக்கு. ஊருல மத்தவளுகளுக்கெல்லாம் தலையில முடியா இருக்கு, தென்னங்கீத்தா இருக்கு?" என்பாள். தேவயானியும் சேர்ந்து சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள். சொல்லிவிட நினைத்த நாளும் உண்டு. ஆனால் அடுத்த தெருவில் ஒரு மருமகளுக்கு வலிப்பு இருப்பது தெரிந்துபோய், பொங்கலுக்குத் தாய்வீடு போனவளைத் திரும்பக் கூப்பிடவே இல்லை. அப்போது பாப்பாயி சொன்னாள், "மறைச்சுக் கட்டிக்குடுத்தா பின்ன என்ன பண்ணுவாங்க?" அன்றோடு தேவயானி வாயை மூடிக்கொண்டாள். நந்தினி பிறந்து, இப்போது எல்கேஜி போகிறாள். அந்தக் குழந்தையை மட்டும் ஒருவர் கையிலும் கொடுக்காமல், ஆறிய தண்ணீரில் அவளேதான் குளிப்பாட்டுவாள்.

ஆராய்ச்சிக்கு அவள் எடுத்துக்கொண்டதும் இந்த வலிப்பைத்தான். ஆண்டிமடம், மீன்சுருட்டி என்று ஊர் ஊராகப் போனாள். பெண்கள் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்க் குசுகுசுவென்று சொன்னார்கள். பெயர் எழுத மாட்டேன், ஒன்று இரண்டு என்று எண்தான் போடுவேன் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். பத்துப் பேர் ஆனதும் தன் கதையையே பதினோராவது ஆளாக எழுதி நடுவில் சொருகிவிட்டாள். அதற்கு மேலும் பல பேரைச் சேர்த்தாள். படங்களையும் கணக்கையும் கோகுலகிருஷ்ணன் போட்டுக் கொடுத்தான். அவன் பெயரும் கட்டுரையில் சேர்ந்தது. வழிகாட்டியான அறிவரசன் சார் பெயரும் சேர்ந்தது.

கட்டுரையை அனுப்புவது என்றால் தபாலில் போட்டுவிட்டு மறந்துபோவது இல்லை. வெளிநாட்டில் நரம்பியலுக்கென்றே நடத்துகிற ஒரு பத்திரிகை. முதல் தடவை, சுருக்கம் நீளமாக இருக்கிறது, படம் தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சரிசெய்து அனுப்பியதும், முகம் தெரியாத இரண்டு ஆய்வாளர்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். ஊரும் பேரும் சொல்லாத ஆட்கள் அவர்கள். ஆனால் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அதில் ஒருவர் கேட்டிருந்தார். பதினோராவது நோயாளியைப் பற்றி மட்டும் இத்தனை வருடக் கதை எப்படித் தெரிந்தது? விசாரித்தது யார்? அவருடைய சம்மதம் எங்கே?

அறிவரசன் சார் அவளைக் கூப்பிட்டார்.

"யாரும்மா இந்தப் பதினொண்ணு?"

"ஒரு பொண்ணு சார்."

"பொண்ணுன்னுதான் எழுதியிருக்கே. எந்த ஊரு? நான் பாக்கணும்ல?"

"வர மாட்டாங்க சார். பயப்படுறாங்க."

"அப்ப எடுத்துடு."

"எடுத்துட்டா கட்டுரையில என்ன சார் மிஞ்சும்? மாத்திரை இல்லாம, தண்ணிய ஆறவச்சே இத்தன வருசம் ஒண்ணும் வராம இருந்து, புள்ளையும் பெத்தது அவங்க ஒருத்திதான்."

"அதத்தான் நானும் சொல்றேன். மொத்தக் கட்டுரையும் அந்த ஒருத்தி தலைமேல நிக்குது, அந்த ஒருத்தியோட கையெழுத்து மட்டும் இல்ல. திங்கக்கிழம கூட்டிட்டு வா. இல்லன்னா வெட்டு. பொய்ய நான் அனுப்ப மாட்டேன்."

"கூட்டிட்டு வரேன் சார்" என்று சொல்லிவிட்டு, கூட்டிப்போக வேண்டிய ஆளைத் தன் சேலைக்குள்ளேயே சுமந்துகொண்டு பஸ் ஏறினாள். பதினொன்று நான்தான் என்று ஒரு வரி எழுதினால் போதும், பத்திரிகைக்காரர்கள் கட்டுரையில் பெயருள்ள எல்லோருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுவார்கள். புருஷனுக்குப் போகும். புருஷனுக்குத் தெரிந்தால் மாமியாருக்குத் தெரியும். பொங்கலுக்குத் தாய்வீடு போன அந்தப் பெண்ணின் முகமே கண்ணில் நின்றது. எடுத்துவிடலாம், எடுத்துவிட்டால் கட்டுரைதான் போகும், வாழ்க்கை நிற்கும் என்று தீர்மானித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைந்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு. தேவயானி வீட்டிலேயே உட்கார்ந்து பதில்களை எழுத ஆரம்பித்தாள். "நீ உன் கம்ப்யூட்டரப் பாரு, புள்ளைய நான் பாத்துக்கறேன்" என்று பாப்பாயி குழந்தையைக் கூட்டிப்போனாள். இது குடும்பத்தில் வரக்கூடியதா என்று இன்னொரு ஆய்வாளர் கேட்டிருந்தார். வரக்கூடும், இந்த வலிப்பு உள்ளவர்களின் குழந்தைகளுக்கு வெந்நீரைத் தலையில் ஊற்றாமல் பார்த்துக்கொள்வது நல்லது என்று அவள் இங்கிலீஷில் எழுதிக்கொண்டிருந்தாள். எங்கிருந்தோ சீயக்காய் வாசம் வந்தது. விரல் நின்றது. கொல்லையில் தண்ணீர் விழுகிற சத்தம். அதோடு குழந்தையின் சிரிப்பு.

"இன்னும் ஊத்து அப்பத்தா. இன்னும் ஊத்து."

எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. கொல்லைக் கதவைத் தாண்டும்போது பாப்பாயி அடுத்த சொம்பை மொண்டு தூக்கியிருந்தாள். அண்டாவிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. தேவயானி பாய்ந்து சொம்பைத் தட்டிவிட்டாள். சுடுதண்ணீர் அவள் முழங்கையில் கொட்டியது. குழந்தையின் தாடையைப் பிடித்துக் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண் அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அப்புறம் நந்தினி இமையைத் தட்டி, "அம்மா, உன் சேல நனஞ்சுருச்சு" என்றாள்.

சீயக்காய் எரிச்சலா, விளையாட்டா, அல்லது அதுதானா? யாருக்குத் தெரியும்.

"என்னடி உனக்குப் பேய் புடிச்சிருக்கா? பேத்திக்கு நான் தண்ணி ஊத்தக் கூடாதா?" என்று பாப்பாயி கத்தினாள்.

தேவயானி ஈரக் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சடங்கு, பலகை, சாவிக்கொத்து, திருச்சி, மாத்திரை, முடி கொட்டுகிற பொய், ஒன்றும் பாக்கியில்லை. பாப்பாயி நின்ற இடத்தில் நின்றாள்.

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"கட்டிக்குடுக்கும்போதே தெரியுமா?"

"தெரியும்."

தாய்வீட்டுக்குப் போகச் சொல்லப் போகிறாள் என்று தேவயானி தலையைக் குனிந்துகொண்டாள். பாப்பாயி தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள்.

"என் கையாலயே ஊத்த வச்சிட்டியே புள்ள" என்றாள். அண்டாத் தண்ணீரை அப்படியே வாழைக்குச் சாய்த்துவிட்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் கோகுலகிருஷ்ணன் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். அவன் செருப்போடேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"படத்துல பதினொண்ணுன்னு ஒரு புள்ளி வச்சேன். மத்ததெல்லாம் ஒரு பக்கமாக் கெடக்க, அது மட்டும் தனியாத் தள்ளி நின்னுச்சு. தப்பாப் போட்டுட்டமோன்னு திரும்பத் திரும்பப் பாத்தேன். அது நீயா?"

"ஆமாங்க."

"பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

"ஆமா."

"பால் வாங்கியாரேன்" என்று எழுந்து போனான். வீட்டில் பால் இருந்தது.

காலையில் அவன் சொன்னான். "பதினொண்ண எடுத்துடு தேவா. உனக்காகச் சொல்லல. நந்தினி பொழப்புன்னு ஒண்ணு இருக்குல்ல."

பாப்பாயியும் சேர்ந்துகொண்டாள். "இங்கிலீசுல எழுதுனா யாரு படிப்பான்னு நெனக்காத. மருந்து விக்கிறான்ல நம்ம மணிவேலு, அவன் படிப்பான். அவன் வாயில விழுந்தா செந்துறை வரைக்கும் போவும்."

நேற்றைக்கு முன்தினம் பஸ்ஸில் அவளும் இதையேதான் தீர்மானித்திருந்தாள். ஆனால் இப்போது வாய் வேறு சொல்லியது. "எங்கம்மாவும் இப்புடித்தான் அத்தை சொன்னாங்க. அதனாலதான் நேத்து உங்க கையில சொம்பு இருந்துச்சு."

பாப்பாயி அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை அறிவரசன் சார் முன்னால் போய், "பதினொண்ணு நான்தான் சார்" என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் திட்டு திட்டென்று திட்டினார். திட்டியதில் நியாயம் இருந்தது. "உன் கதைய நீயே எழுதுனது செல்லாது. நான் கேட்டு, நான் எழுதணும். உங்கம்மாவையும் கேக்கணும். ஆராய்ச்சிக்கு அனுமதி குடுக்குற கல்லூரிக் கமிட்டிக்குச் சொல்லணும். அவங்க என்ன சொல்வாங்கன்னு எனக்கே தெரியாது" என்றார். ராசாத்தி பெரம்பலூருக்கு வந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சாத்திய கதவுக்குப் பின்னால் நடந்ததை முதல் தடவையாக வெளியாளிடம் சொன்னாள். கமிட்டியும் கேள்வி மேல் கேள்வி கேட்டுவிட்டுச் சரி என்றது. பதில் அனுப்பப் பத்திரிகைக்காரர்களிடம் தவணை வாங்கினார்கள். பதினோராவது நோயாளி இக்கட்டுரை ஆசிரியர்களில் ஒருவர் என்று கடைசியில் ஒரு வரி சேர்ந்தது. தேவயானி அனுப்பும் பொத்தானை அமுக்கினாள்.

அது மட்டும் போதாது. ஆசிரியர்கள் எல்லோரும் தங்களுக்கு வந்த கடிதத்தில் சம்மதம் என்று அமுக்கினால்தான் கட்டுரை நகரும். சார் அன்றைக்கே அமுக்கிவிட்டார். கோகுலகிருஷ்ணன் அமுக்கவில்லை. கேட்டால் "பாக்கறேன்" என்றான். ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒரே பாயில் படுத்து, அவன் செல்போன் அசையும்போதெல்லாம் அவள் எட்டி எட்டிப் பார்த்தாள்.

இதற்கிடையில் நந்தினியைத் திருச்சிக்குக் கூட்டிப்போய்த் தலையில் ஒயர் ஒட்டி மூளை அலை எடுத்தார்கள். டாக்டர் தாளைப் புரட்டிவிட்டு, "ஒண்ணும் தெரியல" என்றார்.

"அப்ப இல்லைங்களா?" என்றான் கோகுலகிருஷ்ணன்.

"இல்லன்னு சொல்ல முடியாது. இன்னைக்கு ஒண்ணும் தெரியல, அவ்வளவுதான். சூடா ஊத்தாதீங்க. கவனமாப் பாத்துக்கிட்டே இருங்க."

"எங்க பக்கத்துல இது எத்தன பேருக்கு இருக்கும் சார்?" என்று கணக்குக் கேட்டான் அவன்.

"எனக்குத் தெரிஞ்சு உங்க பக்கம் யாரும் கணக்கு எடுக்கல. வலிப்போட வர்றவங்க வெளிய சொல்றதில்ல."

திரும்பி வருகையில் பஸ்ஸில் குழந்தை அவன் மடியில் தூங்கிவிட்டாள். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். அரியலூர் தாண்டியதும் ஒரு கையால் செல்போனை எடுத்து எதையோ தேடினான்.

"அமுக்கிட்டேன்" என்றான்.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. கிணற்றுக்குள் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருக்கிற மாதிரி இருந்தது. இனிமேல் யார் எதிரில் வந்து சிரித்தாலும், இவர் படித்திருப்பாரோ என்று மனம் கேட்கும். பத்திரிகையிலிருந்து பதில் இன்னும் வரவில்லை. அதை அச்சில் போடுவார்களா, குப்பையில் போடுவார்களா, அதுவும் தெரியாது.

திருச்சி போய்வந்த வாரத்து வெள்ளிக்கிழமை குழந்தைக்குத் தலைக்கு ஊற்ற வேண்டியிருந்தது. தேவயானி ஆறிய தண்ணீரைக் கொல்லையில் எடுத்து வைத்தாள். ஊற்றிவிட ஒரு ஆள் வேண்டும். பாப்பாயி சொம்பைத் தொட மாட்டேன் என்று தூரத்தில் நின்றாள். "பயமா இருக்கு புள்ள" என்றாள். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததைத் தேவயானி கேட்டதே இல்லை.

"எனக்கும்தான் அத்தை. நீங்க ஊத்துங்க, நான் கண்ணப் பாத்துக்கறேன்."

பாப்பாயி தண்ணீரை முதலில் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தாள், அப்புறம் கழுத்தில். பிறகு குழந்தையின் தலையில் கொஞ்சமாக ஊற்றினாள். தேவயானி மண்டியிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

நந்தினி முகத்தை வழித்துக்கொண்டு அப்பத்தாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"எதுக்கு ரெண்டு பேரும் என்னையே பாக்குறீங்க?"

பாப்பாயி அடுத்த சொம்பை மொண்டாள்.