வெள்ளையன் சொன்ன ‘ங்க’

‘மரியாதை’ என்ற சொல்லின் முதற்பொருளுக்குப் பின்னால் இருந்த காற்புள்ளியை எடுத்துவிட்டு அரைப்புள்ளி வைப்பது என்று சென்ற வியாழக்கிழமை காலை முடிவெடுத்தேன். பதினோரு நாள் யோசித்து எடுத்த முடிவு. பேனாவை மூடும்போது மலைமேல் இருக்கும் காவலூரிலிருந்து போன் வந்தது. வெள்ளையன் இறந்துவிட்டார், முந்தைய நாளே அடக்கமும் முடிந்துவிட்டது. உடனே சொல்லியனுப்ப வேண்டியவர்கள் வரிசையில் நான் இல்லை.

மலையில் சாமை விதைத்தவர் அவர். எங்கள் வட்டார வழக்கு அகராதியின் மலைச்சொற்கள் அனைத்தும் அவர் வாயிலிருந்து வந்தவை. தொகுத்தவன் என்று அட்டையில் இருப்பது என் பெயர்.

முதல்முறை போனபோது, “வா, குந்து. இன்னா குடிக்கற?” என்றார். நான் சந்தவாசல்காரன், கல்லூரியில் பாடம் நடத்தியவன். “வாங்கன்னு சொல்லணும்” என்று திருத்தினேன். அவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“ஒருத்தன்தானே வந்த? இன்னும் யாராச்சும் வர்றாங்களா?”

அவர் யாரையும் நீ என்றுதான் அழைப்பார் என்பதை அவருடன் பழகியவர்கள் அறிவீர்கள். “சாமியவே நீன்னுதான் கூப்புடறோம். அது கோச்சிக்கல” என்பார்.

‘மரியாதை’ வடமொழியிலிருந்து வந்தது, அங்கே அதற்கு எல்லை, கரை என்று பொருள் என ஒருநாள் விளக்கினேன். கேட்டுக்கொண்டே களை பிடுங்கியவர் நிமிர்ந்தார்.

“அப்ப வரப்புன்னு சொல்லு. வரப்புல பாதி என்து, பாதி உன்து. நீ மட்டும் ஏன் முழுசா கேக்கற?”

இதை அகராதியில் சேர்க்கவில்லை. மேற்கோளுக்குரிய நடை இல்லை என்று எனக்குத் தோன்றியது.

அகரத்திலிருந்து வரிசையாக அவரிடம் சொல் கேட்டு மகரத்தை முடித்திருந்த சமயம், முதல் தொகுதியின் வெளியீட்டு விழா சந்தவாசலில் நடந்தது. தலைமை தாங்க உயர் அதிகாரி ஒருவர் இசைந்திருந்தார். அவரை வெள்ளையன் மேடையில் “வா, குந்து” என்பாரோ என்று பயந்தேன். விழா அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போய்விட்டதாக வெள்ளையனிடம் மட்டும் சொன்னேன். குறித்த நாளில் விழா நடந்தது. மரியாதை பற்றி இருபது நிமிடம் பேசினேன். கைதட்டினார்கள்.

அடுத்த ஞாயிறு அவர் பஸ் பிடித்து இறங்கி வந்தார். மண்டபம் பூட்டிக் கிடந்தது. எதிர்க்கடைக்காரர் விவரம் சொல்லியிருக்கிறார். வெளுத்த வேட்டியும் கையில் ஒரு பை சாமை அரிசியுமாக என் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன்.

“இல்லீங்க. நீங்க வேலையா இருப்பீங்க. போய்ட்டு வர்றேங்க.”

நான் கற்பிக்க முயன்று தோற்ற எழுத்துகள், ஒன்றுகூடத் தவறவில்லை. பையை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்.

அதன்பின் மூன்று முறை மலைக்குப் போனேன். நாற்காலி எடுத்துப் போட்டு அவர் நின்றுகொண்டார். சொல் கேட்டால், “எங்களுக்கு இன்னாங்க தெரியும்? படிச்சவங்க நீங்க” என்றார். மன்னிப்புக் கேட்கத்தான் மூன்று முறையும் போனேன். சொல் மட்டுமே கேட்டுத் திரும்பினேன்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த ‘ங்க’தான்.

கடைசித் தொகுதி இந்த வாரம் அச்சுக்குப் போகிறது. மகர வரிசை வரை மலைச்சொற்கள் உள்ளன. யகரத்திலும் வகரத்திலும் ஒன்றுகூட இல்லை.