நனைந்தால் சக்தி போய்விடும்

நனைந்த கம்பளியின் வாடை தெரியுமா உங்களுக்கு? விடியற்காலையில் பெரட்டுக் களத்தில், தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு நாற்பது பெண்கள் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும்போது வரும் வாடை... அந்த வாடைக்கு நடுவில்தான் எங்கள் தோட்டத்துக்கு ஒரு சூப்பர் ஹீரோ வந்தான்.

எழுபதுகளின் கடைசி. எனக்குப் பத்தொன்பது வயது. இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம். ஹட்டனுக்குப் புதுப்படம் வந்தால், சனிக்கிழமை லூர்து அக்கா அரை நாளோடு கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவருக்குக் குறையும் கொழுந்தை ஆளுக்கு இரண்டு கை போட்டு நாங்கள் நிரப்பிவிடுவோம். பதிலுக்கு, திங்கட்கிழமை மலையில் ஆளுக்கொரு செடி வரிசையாக நிரை பிடித்ததும் அவர் கதை சொல்ல வேண்டும். அவருக்குப் பக்கத்து நிரையைப் பிடிக்கச் சண்டையே நடக்கும். கங்காணிகூட வேலை வாங்குகிற சாக்கில் அங்கேயே நிற்பார். அக்காவுக்கு அதில் அவ்வளவு பெருமை.

அந்தச் சனிக்கிழமை துணைக்கு என்னையும் கூட்டிப் போனார். இங்கிலீஷ் படம். முதுகில் துணி கட்டிய ஒரு வீரன். போய்ச் சேர்ந்தால்... ஹவுஸ்ஃபுல்.

வாசலில் இருந்த போஸ்டரையும், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டியிருந்த ஏழெட்டுப் படங்களையும் பார்த்துவிட்டு பஸ் ஏறினோம். அக்கா முகம் சுருங்கிப்போயிருந்தது.

"கொழுந்து போட்டுக் குடுத்து அனுப்புனாங்க புள்ள. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு பாக்கலன்னு சொல்றது?"

பஸ் அடுத்த ஊரான கொட்டகலைக்கு வருவதற்குள் அக்காவிடம் ஒரு கதை தயார்.

"அவனுக்குப் பத்து ஆள் பலம். ஆனா மேல தண்ணி பட்டா சக்தி போயிரும். அதுக்குத்தான் முதுகுல கம்பளி," என்றார் திங்கட்கிழமை. எங்கள் ஊர் மழைக்கு அதைவிட நியாயமான காரணம் வேண்டுமா? எல்லாரும் தலையாட்டினார்கள். என் வயதுக்காரி பழனியாயி மட்டும் விடவில்லை. எதையும் துருவாமல் அவளுக்குத் தூக்கம் வராது.

"அப்ப குளிக்கவே மாட்டானாக்கா?"

"ஞாயித்துக்கெழம குளிப்பான். அன்னைக்குச் சண்டைக்குப் போக மாட்டான்."

கதை பத்து நாள் ஓடியது. ஒரு இடத்திலும் சட்டம் தப்பவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வில்லன் நின்றபோதுகூட, வீரனை இரண்டு மைல் சுற்றிப் பாலத்தால் நடக்க வைத்தார் அக்கா.

மறு வருடம் வந்தது வினை. முதல் படத்துக்கு முந்திய கதையாம், வீரனுக்குச் சக்தி வந்த விதமாம்... நோட்டீஸ் போட்டுவிட்டார்கள். தோட்டத்து லொறியைக் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கங்காணியோடு மொத்தக் கூட்டமும் கிளம்பிவிட்டது. அக்கா தலைவலி என்று படுத்துப் பார்த்தார்.

"நீங்க இல்லாம எங்களுக்கு யாருக்கா விளக்கம் சொல்றது?" பழனியாயி கையைப் பிடித்து லொறியில் ஏற்றியே விட்டாள்.

படம் ஆரம்பித்தது. முதல் காட்சியே அடைமழை. வீரன் வெறும் சட்டையோடு தொப்பலாக நனைந்துகொண்டு, ஒற்றைக் கையால் ரயிலை நிறுத்துகிறான்.

எங்கள் வரிசை முழுக்க முணுமுணுப்பு. "நனையிறானே... நனையிறானே..."

அக்கா என் கையை நசுக்கியதில் இரண்டு வளையல் உடைந்தது. போதாக்குறைக்கு, இடைவேளைக்குப் பிறகு அவன் ஆற்றுக்குள் முங்கி ஒரு பஸ்ஸையே தூக்கிக்கொண்டு வந்தான். அத்தோடு அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

திரும்பும் வழியில் அக்கா லொறியின் மூலையில் முக்காட்டை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். இனி அக்கா இந்த மலையில் எப்படித் தலை நிமிர்ந்து நிரை பிடிப்பார்? பழனியாயிதான் முதலில் ஆரம்பித்தாள்.

"படம் எடுத்தவனுக்குக் கதையே தெரியல."

"அதானே," என்றார் கங்காணி. "மழையில நிக்கிறான், ஆத்துல முங்குறான்... ஒரு ஒழுங்கு வேணாமா? மொத படத்துல எவ்வளவு கரெக்டா இருந்திச்சி."

"லூர்தக்கா, நாளைக்கு நீங்க சரியா சொல்லிருங்க," என்றாள் பழனியாயி.

சொன்னார். எல்லாரும் கண்ணால் பார்த்த அதே படத்தை, மறுநாள் மலையில் முதலிலிருந்து சொன்னார். ரயிலை நிறுத்தியபோது நல்ல வெயில்.

இப்போது என் பேரன், படம் வருவதற்கு முன்பே அதைப்பற்றி எல்லாவற்றையும் படித்துவிடுகிறான். முந்தைய பாகத்தில் இருந்த சக்தி இதில் இல்லையென்று போனில் யார் யாரோடோ மல்லுக்கட்டுகிறான். எனக்கும் கொஞ்சம் கதை சொல்லேன்டா என்று கேட்க ஆசை. காதில் எப்போதும் ஹெட்போன்.

போன வாரம் எங்கிருந்தோ தேடி, அந்த முதல் படத்தை எனக்குப் போட்டுக் கொடுத்தான். நாற்பது வருடத்துக்கும் மேலாகிவிட்டது... முழுசாகப் பார்த்தேன். அக்கா சொன்னதில் ஒரு சீன்கூட அதில் இல்லை.

டயகமவில் மகள் வீட்டில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அந்த மொத படத்த இப்பத்தான் பாத்தேன்."

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் சொன்ன மாதிரி இருந்திச்சா?"

"அப்பிடியே இருந்திச்சிக்கா."

"இருக்காதா பின்ன," என்றார். "நான் பாத்த படமில்லையா?"