முகத்தை விடாத கேமரா

பழைய சாமான் கடையில் படச்சுருள் டப்பா ஒன்றைத் திறந்தபோது எழுந்த புளிப்பு வாடையில், பெருமாள்மலையில் இன்று சுவடில்லாமல் போன டூரிங் டாக்கீஸ், ஈர மணலும் சாக்குப் படுதாவும் பீடிப்புகையுமாகத் திரும்பி வந்தது.

எனக்குப் பிடித்த இயக்குநரை அங்கேதான் கண்டுகொண்டேன். அவர் படங்களில் அநியாயக்காரனை யாரும் அடிக்கமாட்டார்கள். பாட்டும் வசனமும் ஓய்ந்துபோக, கேமரா மட்டும் அவன் கூசிப்போகும்வரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அவர் படம் ஒன்று அங்கே ஓடிய வாரம்தான் காப்பித் தோட்டத்து மேஸ்திரி, வேலைக்குப் பிந்தி வந்தாள் என்று எல்லோர் முன்னாலும் என் அம்மாவைக் கன்னத்தில் அறைந்திருந்தார். படத்துக்கு மேஸ்திரியும் மகளோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். திரையில் ஒருவன் கூலிக்காரியை அறைந்தான். கேமரா அவன் முகத்திலேயே நின்றது. மணலில் இருந்த அம்மா திரும்பி மேஸ்திரியைப் பார்த்தாள். தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

“இங்க என்னடி பார்வை? படத்தப் பாருங்க!” என்று கத்தினார்.

“படத்தத்தாங்க பாக்குறோம்” என்றாள் அம்மா.

அவர் எழுந்து வெளியே போனார். என் வகுப்பில் படித்த அவர் மகள் அழுதுகொண்டே பின்னால் ஓடினாள். அவளையும் விடாமல் பார்த்தேன். அதற்காக இன்றுவரை நான் வருந்தியதில்லை.